விஜயபுரம் பள்ளிக்கூடமும் ரிஷிவேலி ஏணியும்

போன மாதம் என் மகளின் தமிழ் வகுப்புக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. இங்கே மஸ்கட்டில் சில குடும்பங்கள் சேர்ந்து வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறோம். தலைப்பு "எங்கள் ஊர்". பத்து நிமிடத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள். ஒரு ஒற்றுப்பிழை இல்லை. எனக்கே ல, ள, ழ தகராறு உண்டு, அவளுக்கு இல்லை என்றால் என்ன அர்த்தம்? :-)

படித்துப் பார்த்தேன். விஜயபுரம் ஓர் அழகிய கிராமமாம். ஊரைச் சுற்றிப் பசுமையான வயல்களாம். சலசலத்து ஓடும் ஆறு ஒன்றாம், அதன் கரையில் பழமையான கோயிலாம். மாலையில் ஆலமரத்தடியில் பெரியவர்கள் கதை பேசுவார்களாம். சித்தூர் மாவட்டத்தில் நகரிக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் எங்கள் ஊர்ப் பக்கம் வேர்க்கடலையும் கரும்பும் மாந்தோப்பும் போர்வெல்லும்தான். அவளும் மூன்று தடவை போயிருக்கிறாள். நகரியில் பஸ் விட்டு இறங்கினாலே காதில் விழும் விசைத்தறி சத்தம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். அது கட்டுரையில் இல்லை.

"இது நீ எழுதினதா?" என்றேன்.

"கம்ப்யூட்டர் எழுதிச்சுப்பா. நான் ஊர் பேரு மட்டும் குடுத்தேன்."

"நம்ம ஊரு இப்படியா இருக்கு?"

"எல்லா ஊரும் இப்படித்தானேப்பா இருக்கும்?"

கோபம் வந்தது, ஆனால் அவள் மேல் இல்லை. அன்று ராத்திரி திருத்தணி பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். அக்கா சிரித்துவிட்டு, "மெஷினைத் திட்டாதடா. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா சொல்லிக் குடுக்கிற வாத்தியாருன்னு இப்போ அதைப் பேசறாங்க. நம்ம ஜில்லாக்காரங்க அதை அட்டையில செஞ்சு முப்பது வருஷம் ஆச்சு" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நான் பி.காம். படித்தவன், வரலாற்று ஆசிரியன் அல்ல. படித்ததில் மனசில் நின்றதை எழுதுகிறேன்.

முதலில் என் பள்ளிக்கூடம். நான் முதல் வகுப்பில் சேர்ந்தது 1984ல். அடுத்த வருஷம் என்.டி.ராமாராவ் ஆட்சியில் பழைய ஏற்பாட்டை மாற்றி மண்டலங்களைக் கொண்டு வந்தார்கள். பெரியவர்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. பள்ளியில் ஓர் அறை, ஒரு திண்ணை, ஒரு வாத்தியார். ஐந்து வகுப்பும் அவருக்குத்தான். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுவிட்டு வருவதற்குள் இரண்டாம் வகுப்பு சண்டையில் இருக்கும். அதனால் எங்களை மேய்த்தது சட்டாம்பிள்ளை. நாலாவது படிக்கும் பையன் எனக்கு வாய்ப்பாடு சொல்லித் தருவான், நான் ஒன்றாம் வகுப்புக்கு மணலில் 'அ' போட்டுக் காட்டுவேன். வாத்தியார் பற்றாக்குறையால் செய்த ஏற்பாடு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

அது அப்படி இல்லையாம். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787ல் மதராசுக்கு வந்தார். 1789ல் எழும்பூரில் ராணுவ வீரர்களின் அநாதைப் பையன்களுக்காகத் தொடங்கிய விடுதிப் பள்ளிக்குக் கண்காணிப்பாளரானார். அங்கிருந்த ஆசிரியர்கள் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. ஒருநாள் குதிரையில் போகும்போது தமிழ்ப் பிள்ளைகள் ஒரு திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். (அப்போது வெள்ளைக்காரர்கள் தமிழரை மலபார்கள் என்று சொல்வார்கள்.) தன் பள்ளியில் அதைச் செய்யச் சொன்னார், உதவி ஆசிரியர் மறுத்துவிட்டார். பெல் என்ன செய்தார் தெரியுமா? ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் வகுப்பை ஒப்படைத்தார். பையன் ஜெயித்துவிட்டான். 1797ல் லண்டனில் பெல் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் அது பரவியது. ஜோசஃப் லங்காஸ்டர் என்பவரும் இதே போன்ற முறையைக் கொண்டு வர, யார் முதலில் என்று இரண்டு கட்சியும் பல வருஷம் சண்டை போட்டது. திண்ணைச் சட்டாம்பிள்ளைக்கு இரண்டு வெள்ளைக்காரர்கள் காப்பிரைட் கேட்ட கதை.

அந்தத் திண்ணைகள் எத்தனை இருந்தன என்பதற்கும் கணக்கு உண்டு. கவர்னர் தாமஸ் மன்றோ 1822ல் கலெக்டர்களிடம் விவரம் கேட்டார். 1826ல் அவர் தொகுத்து எழுதியபடி மதராஸ் மாகாணத்தில் 12,498 பள்ளிகள், சுமார் 1,88,000 மாணவர்கள். எங்கள் பகுதி அன்றைக்கு வட ஆற்காட்டில் இருந்தது. பெண்கள் அந்தக் கணக்கில் மிகக் குறைவு, தாழ்த்தப்பட்டவர்களின் பிள்ளைகள் திண்ணையில் ஏற முடியாது. பொற்காலம் என்று யாராவது மெயில் அனுப்பினால் இதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

சித்தூர் மாவட்டம் 1911ல் பிறந்தது. வட ஆற்காட்டிலிருந்து ஒரு துண்டும் கடப்பையிலிருந்து ஒரு துண்டும் சேர்த்துத் தைத்த சட்டை அது. 1953 அக்டோபர் 1ம் தேதி ஆந்திரா தனி மாநிலமானபோது மாவட்டம் முழுக்க அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார். பிறகு படாஸ்கர் பரிந்துரைப்படி சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1ம் தேதி திருத்தணி தமிழ்நாட்டுக்கு (அன்றைய மதராஸ் மாநிலத்துக்கு) வந்தது. நாங்கள் ஆந்திராவில் தங்கிவிட்டோம். அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. "கோடு மாமா வீட்டுக்கும் நம்ம வீட்டுக்கும் நடுவுல விழுந்துச்சு" என்பார். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் கோட்டைத் தாண்டினோம். பாடப்புத்தகம் மட்டும் கோட்டைத் தாண்டாது. ஆந்திர அரசு தமிழில் அச்சிட்ட புத்தகம் எங்கள் பள்ளிக்குப் பொங்கல் நெருங்கும்போதுதான் வரும். அதுவரை அண்ணன்மார்களின் பழைய புத்தகம்தான், அட்டையும் முதல் எட்டுப் பக்கமும் இல்லாமல்.

இப்போது அக்கா சொன்ன அட்டைக்கு வருவோம்.

ஜே.கிருஷ்ணமூர்த்தி பிறந்தது மதனப்பள்ளியில், 1895ல். அந்த ஊருக்குப் பக்கத்தில் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அவர் எண்ணத்தில் உருவானது ரிஷிவேலி பள்ளி. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடம். சுற்றியிருக்கும் கிராமங்களோ மழை இல்லாத பூமி. வேர்க்கடலை அறுவடை வந்தால் பிள்ளைகள் காட்டுக்குப் போய்விடுவார்கள், பஞ்சம் வந்தால் குடும்பத்தோடு வெளியூர் போய்விடுவார்கள். பள்ளியின் கிராமக் கல்வி மையத்துக்கு 1980களின் கடைசியில் பத்மநாப ராவ், ராமா என்ற தம்பதி வந்தார்கள். சுற்றுக் கிராமங்களில் சின்னச் சின்ன ஓராசிரியர் பள்ளிகளை நடத்திப் பார்த்தபோது அவர்கள் கண்டது, பாடப்புத்தகம் எழுதினவர் மனசில் ஒரு வகுப்புக்கு ஒரு வாத்தியார் இருக்கிறார் என்பது. எல்லாப் பிள்ளையும் தினமும் வருகிறது, எல்லாருக்கும் ஒரே நாளில் ஒரே பாடம் புரிகிறது என்பதும் அந்தக் கற்பனையில் சேர்த்தி. கிராமத்தில் இது எதுவுமே இல்லை.

அதனால் புத்தகத்தை உடைத்தார்கள். பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கி ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் போட்டார்கள். எழுத்துப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் அடையாளம் தெரிய வேண்டுமே? அட்டைகளில் மிருகம், பறவை, பூச்சிப் படங்களைச் சின்னமாகப் போட்டார்கள். எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்பதைச் சுவரில் ஒரு பெரிய ஏணிப் படமாக மாட்டினார்கள். பிள்ளை உள்ளே வந்ததும் ஏணியைப் பார்க்கும், தான் நிற்கும் படியைக் கண்டுபிடிக்கும், அந்தச் சின்னம் உள்ள அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு வந்து உட்காரும். புது விஷயம் என்றால் வாத்தியார் பக்கத்தில், பழகிப் பார்ப்பது என்றால் கூட்டாளியோடு, சோதித்துக்கொள்வது என்றால் தனியாக. சோதனையில் தேறினால் அடுத்த படி. தேறவில்லை என்றால் அதற்கென்று வேறு அட்டை. அறுவடைக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்த பிள்ளை, விட்ட இடத்திலிருந்து ஏறும். யாரும் அதை "ஃபெயில்" என்று சொல்வதில்லை. ஊர்ப் பாட்டிகளின் கதையும் விடுகதையும் தெலுங்கு அட்டைகளில் ஏறின. முழுப் பள்ளியும் ஒரு பெட்டிக்குள் அடங்கும் என்பதால் 'பெட்டிக்குள் பள்ளி' என்றே அதற்குப் பேர்.

இதைப் படித்தபோது எனக்கு என் சட்டாம்பிள்ளை ஞாபகம் வந்துவிட்டது. அவனுக்கு ஓர் ஏணியும் அட்டைப்பெட்டியும் கொடுத்திருந்தால் எங்கள் வாத்தியார் தொண்டை இன்னும் பத்து வருஷம் தாங்கியிருக்கும்.

அந்த ஏணி எங்கள் எல்லையைத் தாண்டிய கதைதான் சுவாரசியம். வேலூரில் கலெக்டராக இருந்தபோது எம்.பி.விஜயகுமார் பீடி சுற்றுவதிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர். பிறகு சென்னை மாநகராட்சி ஆணையரானார். ஆசிரியர்களை ரிஷிவேலிக்கு அனுப்பி அட்டை செய்யப் பழக்கி, 2003ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். 2007-08ல் 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் தமிழ்நாட்டின் 37,000க்கும் மேற்பட்ட அரசு, உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. ஆக, சித்தூர் மாவட்டத்தில் தெலுங்கில் பிறந்தது சென்னையில் தமிழ் பேசி, எங்கள் ஊரிலிருந்து கல்லெறி தூரத்தில் என் அக்காவின் வகுப்பறைக்குள் வந்துவிட்டது.

அக்காவிடம் கேட்டேன், உண்மையிலேயே வேலை செய்ததா என்று. அரசாங்க ரிப்போர்ட் வேறு, வகுப்பறை வேறு.

"முதல் ஆறு மாசம் அழுதேன்டா. நாற்காலியை எடுத்துட்டாங்க, பாயில உக்காருன்னாங்க. முப்பது பிள்ளை முப்பது இடத்துல நிக்குது. எது எந்தப் படியில இருக்குன்னு நான்தான் நோட்டுல குறிக்கணும். அப்புறம் ஒருநாள் பார்த்தேன், நான் கூப்பிடாமலே ஒரு பொண்ணு பக்கத்துல இருந்த பையனுக்கு அட்டையைத் திருப்பிப் பிடிச்சு சொல்லிக் குடுக்குது. அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு."

பிறகு? அட்டை கிழிந்தது, மாற்று வரவில்லை. எந்த அட்டை தொலைந்ததோ அந்தப் படியில் பிள்ளைகள் தேங்கின. பெற்றோர் "புத்தகம் எங்கே, வீட்டுப்பாடம் எங்கே, சத்தம் போட்டுப் படிக்கவே மாட்டேங்குதே" என்று கேட்டார்கள். ஆய்வுக்கு வருகிறவர் பிள்ளையைப் பார்க்காமல் பதிவேட்டைப் பார்த்தார். 2012-13ல் முப்பருவமும் தொடர் மதிப்பீடும் வந்தபின் அட்டையின் இடம் சுருங்கிக்கொண்டே போனது. 2022ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது, அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. ஏணி மூன்று படியாகச் சுருங்கிவிட்டது என்பாள் அக்கா. குறையாகச் சொல்கிறாளா நிறைவாகச் சொல்கிறாளா என்று அவள் குரலில் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கு நடுவே மெஷின்களும் வந்துகொண்டேதான் இருந்தன. அமெரிக்காவில் பி.எஃப்.ஸ்கின்னர் என்ற உளவியலாளர் 1953ல் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போய், எல்லாரும் ஒரே வேகத்தில் போவதைப் பார்த்து வெறுத்துப்போய், அடுத்த வருஷமே கற்பிக்கும் பெட்டி ஒன்றைச் செய்தார். (மகளின் நோட்டைப் பார்த்து வெறுத்துப்போகும் அப்பாக்கள் எல்லாக் காலத்திலும் உண்டு.) 1975-76ல் ஒரு வருஷம் செயற்கைக்கோள் வழியாக ஆந்திரா உட்பட ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டிவி பாடம் வந்தது. 1984ல் பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கணினி வந்தது. பல இடங்களில் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

2022 டிசம்பர் 21ம் தேதி ஆந்திர அரசு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அவர்களின் ஆசிரியர்களுக்குமாக சுமார் 5 லட்சம் டேப்லெட்டுகளைக் கொடுக்கத் தொடங்கியது. உள்ளே பைஜூஸ் நிறுவனத்தின் பாடங்கள். 2024 ஜூலையில் அந்த நிறுவனத்தின் மேல் திவால் நடவடிக்கை தொடங்கியது, கிரிக்கெட் வாரியத்துக்குத் தர வேண்டிய 158 கோடி சொச்சம் பாக்கிக்காக. கடன் ஃபைல் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அட்டை கிழிந்தால் ஒரு படி போகும், கம்பெனி கிழிந்தால் மொத்த ஏணியும் போகும்.

ஆனால் மெஷினால் பிரயோஜனமே இல்லை என்று சொன்னால் பொய். டெல்லியில் 2015ல் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளை வைத்து நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கார்த்திக் முரளிதரன் முதலியோர் ஆய்வு செய்தார்கள், 2019ல் வெளியிட்டார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். வாத்தியார் ஆறாம் வகுப்புப் பாடத்தை நடத்திக்கொண்டே போவார், பிள்ளை மூன்றாம் வகுப்பில் நிற்கும். மென்பொருள் பிள்ளை நிற்கும் இடத்தில் தொடங்கியது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். இது ரிஷிவேலி ஏணியேதான். நோட்டில் குறித்துக் குறித்துக் கை வலித்த அக்காவின் வேலையை மெஷின் செய்கிறது, அவ்வளவுதான்.

2022 நவம்பர் 30ம் தேதி சாட்ஜிபிடி வந்தபின் கதை வேறு. ஏணி பிள்ளையிடம் கேள்வி கேட்டது. இது பிள்ளை கேட்டதற்குப் பதிலைக் கொடுத்துவிடுகிறது. துருக்கியில் சுமார் ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணக்குப் பாடத்தில் சோதித்தார்கள். சும்மா பதில் சொல்லும் மெஷினை வைத்துப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் அதிக மதிப்பெண் எடுத்தார்கள். பிறகு மெஷின் இல்லாமல் பரீட்சை வைத்தபோது, மெஷினையே பார்க்காத பிள்ளைகளைவிட 17 சதவீதம் கீழே போனார்கள். பதிலைத் தராமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்கள் சொல்லி வடிவமைத்த மெஷினோடு படித்தவர்களுக்கு அந்தச் சரிவு ஏறக்குறைய இல்லை.

இது எனக்குப் புதுசாகத் தெரியவில்லை, ஏனென்றால் என் தொழிலில் பார்த்தாயிற்று. நான் இந்தியாவில் வங்கியில் சேர்ந்தபோது சேமிப்புக் கணக்குக்கு மாதம் 10ம் தேதியிலிருந்து கடைசி தேதி வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. அரையாண்டு வட்டியைக் கையால் போட்ட சீனியர்கள் இருந்தார்கள். 2010 ஏப்ரல் முதல் தினசரி இருப்புக்கு வட்டி என்று மாறியது, அதைக் கணினி இல்லாமல் செய்ய முடியாது. நல்ல மாற்றம்தான், வாடிக்கையாளருக்கு லாபம். ஆனால் கணினி ஒரு தொகையைத் தப்பாகக் காட்டினால் "இது எங்கேயோ இடிக்குதே" என்று சொன்னவர்கள் கையால் போட்டுப் பழகியவர்கள்தான். எங்கள் செட் ஆட்கள் திரையை நம்பினோம். அந்த சீனியர்கள் எல்லாரும் இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார்கள்.

என் மகளின் கட்டுரையில் இடிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது, நான் அந்த ஊரில் வளர்ந்ததால். அவளுக்குத் தெரியவில்லை. அவள் பிள்ளைக்கு?

அக்காவே ஒரு வழி சொன்னாள். அடுத்த வெள்ளி வீடியோவில் வந்தாள். பீரோவிலிருந்து ஒரு பழைய அட்டைக்கட்டை எடுத்து வைத்திருந்தாள், ஓரமெல்லாம் மழுங்கிப்போய், ஒன்றில் யானைச் சின்னம்.

"அத்தை, அது என்ன யானை?"

"அது நீ நிக்கிற படி. கட்டுரையை மெஷினே எழுதட்டும், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா நான் ஒரே ஒரு கேள்வி கேப்பேன், அதுக்கு பதில் கட்டுரையில இருக்கணும். ஆயா வீட்டுக் கிணத்துல எத்தனை படி?"

மெஷினிடம் கேட்டாள். பொதுவாகக் கிராமத்துக் கிணறுகளில் படிகள் இருக்கும் என்று அது ரொம்ப மரியாதையாகப் பதில் சொன்னது. பிறகு வேறு வழியில்லாமல் ஆயாவுக்குப் போன் போட்டாள். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், நாலு தடவை கத்த வேண்டியிருந்தது.

"எத்தனை படியா? உங்க அப்பன் நீச்சல் கத்துக்கிட்ட காலத்துல பதினாலு படிதான் கண்ணு, மிச்சம் தண்ணிக்குள்ள. இப்போ முப்பத்தாறும் தெரியுது. போர்வெல் போட்டப்புறம் தண்ணி எங்க?"

அதை அப்படியே எழுதினாள். ஏழு வரி. 'கிணறு' என்பதற்குப் பெரிய 'ற' போடவில்லை, 'கிணரு' என்று இருந்தது. நான் திருத்தவில்லை, தமிழ் வகுப்பில் திருத்துவார்கள். "நீ அந்தக் கிணத்துல குதிப்பியாப்பா?" என்று கேட்டுக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.